ஆறாம் வேற்றுமையும் ஆங்கில உடைமைக் குறியும்

வாரத்தின் நாட்களைச் சுட்டுதற்கு நாம் நாடோறும் வழங்கும் 'கிழமை' என்னும் சொல்லின் பொருளை ஆராய்வார் நம்முள் மிகச் சிலரே. கிழமை என்பது உரிமை. ஒரு பொருளுக்கு உரியவனைக் கிழவன் என்றும், உரியவளைக் கிழத்தி என்றும், ஓர் ஊருக்கு உரியாரைக் கிழார் என்றும் வழங்குதல் பண்டைத் தமிழர் வழக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள்; புதன்கிழமை என்பது புதனுக்கு உரிய நாள். ஆங்கிலேயரும் தம் நாட்களை இம்முறையானே அமைத்தனர் என்பது அறியத்தக்கது. “வென்ஸ்டே” என்பது வோடன் என்னும் பழந்தெய்வத்தினது நாள். “தர்ஸ்டே” என்பது தோர் என்னும் இடித்தெய்வத்தினது நாள். இச்சொற்களின் இடையே ஒலிக்கும் ஸகரம் வெற்றெழுத்தன்று. பழைய ஆங்கிலத்தின் உடைமை உருபே அங்ஙனம் நாட்பெயருள் மறைந்து நிற்கின்றது. தமிழர் கிழமை என்று சொல்லாற் கூறியதனை ஆங்கிலர் ஓர் எழுத்தாற் கூறினர். இரண்டும் 'யாருடையது' என்னும் ஒரே வினாவிற்கு விடையாம்.

அவ்வினாவிற்கு ஆங்கிலத்திற் பிழையின்றி விடை எழுதுதல் நம் மாணவர் பலர்க்கு இடர்தருவதாய் உள்ளது. விடுப்பு வேண்டி எழுதும் விண்ணப்பம் முதல் தேர்வுத்தாள் ஈறாக, உடைமையைக் காட்டும் சிறு குறி இடவேண்டிய இடத்தில் இன்றியும், இடவேண்டாத இடத்தில் மிகுந்தும் காணப்படுகின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் ஒருவன் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுதப் புகுதல் என்னை எனின், இப்பிழைகளிற் பெரும்பாலன ஆங்கிலம் அறியாமையான் மட்டும் விளைவன அல்ல, நம் தாய்மொழி இப்பொருளை எங்ஙனம் பாகுபடுத்துகின்றது என்பதனை நாம் எண்ணிப் பாராமையானும் விளைவன என்பது என் கருத்து. தமிழின் ஆறாம் வேற்றுமையைத் தெளிவுற அறிந்தவன் ஆங்கில உடைமை வடிவத்தை எளிதிற் கற்பன்.

தமிழ் இலக்கணம் கூறுவது

ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தொல்காப்பியர் கிழமை என்று பெயரிட்டு, அது தன்னொடு பிரியாத பொருள்மேலும், தன்னின் வேறாகிய பொருள்மேலும் வரும் என இருவகைப்படுத்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என வழங்கினார். தற்கிழமை ஐவகைத்து: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் என்பன. நம் பகுதியினர் நன்கறிந்த தோற்றொழிலினின்றே இவற்றிற்கு எடுத்துக்காட்டுத் தருவேன். தோலினது மென்மை என்பது பண்பு. ஆட்டினது தோல் என்பது உறுப்பு. ஆவாரம்பட்டையினது குவியல் என்பது ஒன்றன் கூட்டம். சந்தைக்கு ஓட்டிவரும் பலவகை விலங்கினது கூட்டம் என்பது பலவின் ஈட்டம். கடுக்காயினது பொடி என்பது, கடுக்காயே திரிந்து பொடியாதலின், திரிபின் ஆக்கம். பிறிதின்கிழமை பொருள், இடம், காலம் என்னும் மூன்றன்மேல் வரும். வணிகரது தோல், உழவரது நிலம், மாணவரது விடுமுறை என்பன முறையே அவற்றிற்குக் காட்டாம்.

இப்பாகுபாட்டின் பயனை ஒரு சொற்றொடரான் விளக்குவேன். ஆங்கிலத்தில் “தி டானர்'ஸ் ஸ்கின்” என்று எழுதினால் அதன் பொருள் யாது? தோல் பதனிடுபவர் தம் உடம்பின்மேற் போர்த்த தோலா, அன்றி அவர் விலைகொடுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்கிய தோலா? முன்னையதாயின் தற்கிழமை, பின்னையதாயின் பிறிதின்கிழமை. முன்னையதனை அவர் விற்றல் இயலாது. பின்னையதனை விற்றற்கே வைத்திருக்கின்றார். ஆங்கில வடிவம் இரண்டற்கும் ஒன்றே. தமிழ் உருபும் இரண்டற்கும் ஒன்றேயாயினும், நம் இலக்கண நூலார் அவ்வேற்றுமையைக் கண்டு பெயரிட்டு வைத்தனர். இக்கால மொழிநூலாரும் நீக்கத்தக்க உடைமை, நீக்கவியலாத உடைமை என இரண்டினை வகுத்து ஆராய்கின்றனர். பசிபிக் கடற்றீவுகளில் வழங்கும் பிஜி மொழி, ஹவாய் மொழி முதலியவற்றில் இவ்விருவகைக்கும் சொல்வடிவமே வேறுபடும் என்பர். நம் முன்னோர் பொருளளவிற் கண்ட வேறுபாட்டினைச் சில மொழிகள் உருபளவிலும் காட்டுகின்றன.

இனி உருபினை நோக்குவோம். ஆறாம் வேற்றுமை ஒருமைக்கு 'அது', 'ஆது' என்பனவும், பன்மைக்கு 'அ' என்பதும் உருபாம் என்பது நன்னூலார் துணிபு. ஈண்டு ஒருமை பன்மை என்பன உடையவரைப் பற்றியன அல்ல, உடைமையைப் பற்றியன என்பதை உற்றுநோக்குக. 'எனது நூல்' என ஒரு நூலையும், 'என நூல்கள்' எனப் பல நூல்களையும் கூறவேண்டும் என்பது பழைய விதி. இன்று 'எனது நூல்கள்' என்றலே பெருவழக்காயிற்று. இதனாற் பெறப்படுவது, 'அது' என்னும் உருபு பின்வரும் அஃறிணைப் பொருளைத் தழுவிய சுட்டுப்பெயராய் முற்காலத்து நின்றது என்பதாம். அதனாலன்றோ உயர்திணைப் பெயர் பின்வருமிடத்து அவ்வுருபு பொருந்தாது எனத் தொல்காப்பியர் விலக்கினார்? நம்பிமகன் என்னும் தொகையை விரிக்கும்போது 'நம்பியது மகன்' என்னாது 'நம்பிக்கு மகன்' என நான்காம் உருபு தந்து விரித்தல் முறை. மகனை 'அது' என்று சுட்டுதல் தகாது என்னும் நுண்ணுணர்வே இவ்விதியின் உயிர். பிற்காலத்தே 'உடைய' என்னும் சொல்லுருபு வந்து இரு திணைக்கும் பொதுவாகி, 'நம்பியுடைய மகன்' என்பது வழக்காயிற்று.

ஆங்கிலக் குறியின் வரலாறு

ஆங்கிலம் பண்டு நம் மொழிபோலவே வேற்றுமை உருபுகள் மலிந்த மொழியாய் இருந்தது. பழைய ஆங்கிலத்திற் பல பெயர்கட்கு 'எஸ்' என ஒலிக்கும் ஈறே உடைமை உருபாம். காலப்போக்கில் ஏனைய உருபுகள் தேய்ந்தொழிய, இஃதொன்றே ஸகரமாய்க் குறுகி எஞ்சி நின்றது. எழுத்தின் தலையருகே காற்புள்ளிபோல் இடப்படும் “அபாஸ்ட்ரபி” என்னும் குறியை, ஈண்டு மேற்குறி என வழங்குவேன். அக்குறி பதினாறாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு மொழியினின்றும் ஆங்கிலத்துட் புகுந்தது. எழுத்துக் கெட்டது என்பதைக் காட்டுதலே அதன் முதற்றொழில். உடைமை ஒருமையில் அதனை இடுதல் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நிலைபெற்றது. பன்மையில் இடுதல் அதற்கும் பின்னரே உறுதியாயிற்று. ஆகவே இக்குறி ஆங்கில மொழியோடு உடன்பிறந்ததன்று. அச்சுக்கூடத்தார் காலத்தில் வந்து சேர்ந்த விருந்தே.

இதன் பிறப்பைப்பற்றி ஆங்கிலப் புலவரிடையே ஒரு வழக்கு நிகழ்ந்தது. “தி கிங் ஹிஸ் கிரௌன்”, அஃதாவது 'அரசன் அவன் முடி' என்பதே குறுகி “தி கிங்'ஸ் கிரௌன்” ஆயிற்று என்று பலர் நம்பினர். அடிசன் என்பார் 1711-ஆம் ஆண்டில் தம் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் இக்கொள்கையை ஒட்டியே எழுதினார். டாக்டர் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் இலக்கணப் பகுதியில் இதனை மறுத்தார். பெண்பாற் பெயர்க்கும் அதே ஸகரம் வருகின்றதே, பெண்ணின் அழகைக் கூறுமிடத்து 'அவன்' எனப் பொருள்படும் சொல் எங்ஙனம் வந்து குறுகும் என்பது அவர் தடை. ஜான்சன் கூற்றே மெய்யென இன்று யாவரும் ஒப்புவர். ஆங்கிலத்திற்குப் பொய்யான அக்கொள்கை தமிழுக்குப் பெரிதும் பொருந்துதல் வியப்பேயாம். 'அரசன் அது முடி' என நின்ற சுட்டுப்பெயரே 'அரசனது முடி' என உருபாயிற்று என மேலே கண்டோம் அன்றோ!

பின்பற்றத்தக்க விதிகள்

இனி மாணவர் கைக்கொள்ளத்தக்க விதிகளைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது: உடையவர் ஒருவராயின் மேற்குறியும் அதன்பின் ஸகரமும் இடுக. ஒரு மாணவனது நூல் “தி பாய்'ஸ் புக்” ஆகும்.

இரண்டாவது: உடையவர் பலராய், அப்பன்மைச் சொல் ஸகர ஈற்றதாயின் அவ்வீற்றின்பின் மேற்குறி மட்டும் இடுக. மாணவர் பலரது நூல்கள் “தி பாய்ஸ்' புக்ஸ்” ஆகும். செவிக்கு இவ்விரண்டும் ஒன்றே. கண்ணே அவற்றைப் பகுத்தறியும். ஒருவனோ பலரோ என்னும் செய்தி முழுதும் ஒரு புள்ளி ஸகரத்தின் முன் நிற்றலிலும் பின் நிற்றலிலும் அடங்கியுள்ளது. தமிழில் 'மாணவனது', 'மாணவரது' எனச் சொல்லே வேறுபடுதலின் நமக்கு இவ்விடர் இல்லை. அதனாலேயே நாம் இதனை மறக்கின்றோம்.

மூன்றாவது: ஸகரம் இன்றியே பன்மையாகும் சொற்கள் சில உள. அவற்றின்பின் ஒருமைபோலவே மேற்குறியும் ஸகரமும் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் ஆக்கப்படும் காலணிகள் கடல்கடந்து செல்லுதலை நாம் அறிவோம். அத்தகைய காலணிப் பெட்டியின்மேல் “மென்'ஸ்”, “உமென்'ஸ்”, “சில்ட்ரன்'ஸ்” என ஸகரத்தின் முன்னும், “லேடீஸ்'” என ஸகரத்தின் பின்னும் மேற்குறி வருதலே முறை. “மென்” என்பது தானே பன்மை; அதற்கு “மென்ஸ்” என்றொரு பன்மை இல்லை.

நான்காவது: ஸகரத்தில் முடியும் இயற்பெயர்க்கு இருமுறையும் உண்டு. “ஜேம்ஸ்'ஸ்” என்றும் “ஜேம்ஸ்'” என்றும் எழுதுவர். ஒன்றனைக் கைக்கொண்டால் கட்டுரை முழுதும் அதனையே கொள்க. மோசஸ், ஜீஸஸ் முதலிய பழம்பெயர்க்கு மேற்குறி மட்டும் இடுதல் நெடுநாள் வழக்கு.

ஐந்தாவது: உடைமைப் பொருளில் வரும் பிரதிப்பெயர்க்கு மேற்குறி இல்லை. 'அதனது' எனப் பொருள்படும் “இட்ஸ்” என்பதற்கு மேற்குறி இட்டால் அது 'அஃது உளது' என்னும் வாக்கியமாய்த் திரியும். பெரும்பாலோர் வழுவும் இடம் இதுவே. இச்சொல்லின் வரலாறும் சுவையுடைத்து. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆங்கிலத்தில் 'அவனது' என்பதே 'அதனது' என்பதற்கும் நின்றது. 1611-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அரசர் காலத்து அச்சான ஆங்கில வேதாகமத்தின் முதற்பதிப்பில் “இட்ஸ்” என்னும் சொல்லே இல்லை. பின் வந்த பதிப்பிலேயே ஓரிடத்திற் சேர்க்கப்பட்டது. புதிதாய்ப் பிறந்த அச்சொல்லை நெடுங்காலம் மேற்குறியுடனும் எழுதி வந்தனர். இன்று பிழையெனப்படுவது அக்காலத்துக் கற்றோர் வழக்காயிருந்தது. ஆயினும் இன்றைய வழக்கே நமக்கு விதி.

ஆறாவது: உயிருள்ள பொருட்கு ஸகர உருபும், உயிரில்லாப் பொருட்கு “ஆஃப்” என்னும் முன்னிடைச்சொல்லும் பெரும்பான்மையும் வரும். காலப்பெயர் இதற்குப் புறனடை. நன்னூலுரையாளர் பிறிதின்கிழமையுட் காலத்தையும் வைத்தாற்போல, ஆங்கிலரும் காலத்திற்கு உடைமை உருபு கொடுப்பர். ஒரு வார விடுப்பு “எ வீக்'ஸ் லீவ்”; இரண்டு வார விடுப்பு “டூ வீக்ஸ்' லீவ்”. விடுப்பு விண்ணப்பம் எழுதும் நண்பர் இதனை நினைவிற்கொள்வாராக.

ஏழாவது: இருவர் உடைமையைக் கூறுமிடத்துப் பெரிதும் விழிப்பு வேண்டும். கந்தன், முருகன் என்னும் இருவர்க்கும் பொதுவாகிய தோற்சாலை ஒன்றேயாயின், பின்னவன் பெயர்க்கு மட்டும் உருபு தந்து “கந்தன் அண்ட் முருகன்'ஸ் டானரி” என எழுதுக. அவரவர்க்குத் தனித்தனிச் சாலை உண்டாயின் “கந்தன்'ஸ் அண்ட் முருகன்'ஸ் டானரீஸ்” என இருவர் பெயர்க்கும் உருபு தருக. உடன்பிறந்தார் இருவர் பத்திரம் எழுதும்போது இவ்வேறுபாடு வெறும் இலக்கணமாய் நில்லாது. பங்கும் பாகமும் ஆய்விடும்.

தமிழ் நெறி ஆங்கிலத்திற் புகும் இடங்கள்

தமிழில் உடைமையைக் கூற ஆறாம் வேற்றுமை ஒன்றே வழியன்று. 'எனக்கு இரு தம்பியர் உளர்' என நான்காம் வேற்றுமையாலும், 'என்னிடம் பத்து ரூபாய் இருக்கின்றது' என ஏழாம் வேற்றுமையாலும் கூறுவோம். உறவுக்குக் குவ்வுருபும், கைப்பொருளுக்கு இடவுருபும் வருதல் நுட்பமுடைத்து. தம்பியை 'என்னிடம் இருக்கின்றான்' என்றால் பொருள் வேறாய்விடும். ஆங்கிலம் இவை யாவற்றிற்கும் “ஹேவ்” என்னும் ஒரு வினையையே ஆளும். நம்மவர் 'இருக்கின்றனர்' என்னும் நிகழ்கால முற்றினை மனத்துட்கொண்டு “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்கின்றனர். தம்பியர் இருத்தல் இன்று தொடங்கி நாளை முடியும் தொழிலன்று. ஆதலின் “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்பதே அமையும்.

மற்றும் இரண்டிடங்களில் நம் மொழி ஆங்கிலத்தினும் தெளிவுடையது. 'கந்தன் தன் நூலைக் கொணர்ந்தான்' என்றால் நூல் கந்தனுடையது; 'கந்தன் அவன் நூலைக் கொணர்ந்தான்' என்றால் நூல் பிறனொருவனுடையது. ஆங்கிலத்தில் இரண்டும் “ஹிஸ்” என்றே வருதலின், ஐயம் நேருமிடத்து 'சொந்த' என்னும் பொருளுடைய “ஓன்” என்னும் சொல்லைச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறே 'நம் கல்லூரி' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். 'எங்கள் கல்லூரி' என்பது கேட்போரை விலக்கும். பழைய மாணவரிடம் 'நம் கல்லூரி' என்போம். அயலாரிடம் 'எங்கள் கல்லூரி' என்போம். ஆங்கிலத்தின் “அவர்” என்னும் ஒரு சொல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டமாட்டாது.

பெயர்ப்பலகை கூறுவது

உடைமை வடிவம் எங்கும் உடைமையையே கூறும் என எண்ணுதல் தவறு. வேலூர்க் கோட்டையுள் உள்ள கிறிஸ்தவ ஆலயம் “செயின்ட் ஜான்'ஸ்” எனப்படும். அது யோவான் என்னும் அடியார் விலைக்கு வாங்கியதன்று. அவர் பெயரால் அழைக்கப்படுவது. அக்கோட்டையிலேயே திப்பு மகால் உளது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவர் குடும்பத்தார் இக்கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டனர். 'திப்புவினது மகால்' என விரித்து, அவர் உடைமையாய் ஆண்ட மாளிகை எனப் பொருள்கொண்டால் வரலாறு பிழைபடும். உருபு காட்டுவது ஒரு தொடர்பு. அத்தொடர்பு யாது என்பதனை உலகியலறிவே காட்டும்.

சில பெயர்களில் ஆங்கிலரே உருபினை நீக்கிவிடுவர். ஐடா ஸ்கடர் அம்மையார் பணிபுரிந்த, 1902-இல் வேலூரில் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், நம் நகரத்து ஊரிஸ் கல்லூரியும் பொருளுதவினோர் குடும்பப் பெயரைத் தாங்குவன. ஆயினும் அப்பெயர்களில் உடைமை உருபு இல்லை. சென்னையில் மேரி அரசியார் பெயர் தாங்கிய கல்லூரியோ “குவீன் மேரி'ஸ்” என உருபுடன் வழங்குகின்றது. முன்னவை தொகைநிலை, பின்னது தொகாநிலை எனத் தமிழ் மாணவன் எளிதிற் கூறிவிடுவன். 'ஆட்டுத்தோல்' என்பதும் 'ஆட்டினது தோல்' என்பதும் அத்தகையனவே. ஆடு மேயும்போது அதன்மேல் இருப்பது “கோட்'ஸ் ஸ்கின்”. பதனிட்டபின் வாணிகச் சரக்காய் நிற்பது “கோட்ஸ்கின்”. சினை என்னும் நிலை நீங்கிப் பொருட்பெயராயினமையின் உருபும் நீங்கியது.

இக்காலத்தே மேற்குறியை நீக்குதல் பெருகி வருகின்றது. அமெரிக்க நாட்டின் இடப்பெயர்க் கழகம் 1890-இல் தோன்றிய நாள்முதல் ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியை ஏற்பதில்லை. “மார்த்தா'ஸ் வைன்யார்ட்” போல்வன சிலவே விதிவிலக்காய் நிற்கின்றன. இங்கிலாந்தின் பெரிய புத்தக வணிகராகிய வாட்டர்ஸ்டோன்ஸ் நிறுவனத்தார் 2012-இல் தம் பெயரினின்று அக்குறியை நீக்கியபோது பலர் வருந்தினர். தமிழர் இதனை என்றோ செய்தனர். தாமஸ் பாரி என்னும் வணிகர் பெயரால் ஆங்கிலத்தில் “பாரி'ஸ் கார்னர்” எனப்பட்ட இடம் தமிழிற் பாரிமுனை எனத் தொகையாகவே வழங்குகின்றது.

ஒரு வழக்கின் பெயர்

குறியின்மையான் வரும் ஐயத்திற்கு நம் ஊரினின்றே எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தலைத் தடுக்கவேண்டி இந்திய உச்சநீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, சட்ட நூல்களில் 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் ஃபோரம்' என்னும் பெயரால் விளங்குகின்றது. அப்பெயரிற் குடிமக்களைக் குறிக்கும் “சிட்டிசன்ஸ்” என்னும் சொல்லின்பின் மேற்குறி இன்றியே அச்சிடுதல் வழக்கு. இது வழுவா, வழாநிலையா? 'குடிமக்களது நலம்' என ஆறாம் வேற்றுமையாகக் கொண்டால் ஸகரத்தின்பின் மேற்குறி வேண்டும். 'குடிமக்களுக்கு நலம்' என நான்காம் வேற்றுமைப் பொருள்படக் கொண்டால், “சிட்டிசன்ஸ்” என்பது வெறும் அடையாய் நின்று, குறி வேண்டாததாயிற்று. இரண்டும் ஆங்கிலத்தில் ஒப்பத்தக்கனவே. 'குடிமக்கள் நலமன்றம்' எனத் தமிழில் எழுதுவோர்க்கு இவ்வினாவே எழுவதில்லை; தொகை இரண்டு விரிவிற்கும் இடந்தரும்.

பெயரில் இல்லாத உடைமை அவ்வழக்கின் உட்பொருளில் உளது. பாலாற்று நீர் யாருடையது என்பதே அதன் வினா. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆயம் தீர்ப்புக் கூறியது. தோற்சாலைகள் மிக்க பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவாகவோ முற்றுமாகவோ பயிர்க்கு உதவாததாயிற்று என அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டுள்ளது. நீரையும் நிலத்தையும் மாசுபடுத்தினவரே அதற்குரிய பொருளைச் செலுத்துதல் வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்படி அம்மாவட்டத்தும் பிற நான்கு மாவட்டங்களிலும் உள்ள சாலைகள் ஒவ்வொன்றன்மேலும் பதினாயிரம் ரூபாய் தண்டமும் விதித்தது. தோற்றொழிலால் உண்ணும் குடும்பங்கள் பலவாதலின், தொழிலை ஒழிக்காது அதன் மாசினை ஒழித்தலே அத்தீர்ப்பின் நோக்கமாயிற்று.

இத்தீர்ப்பினை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோமாக. வணிகர் தோலைக் காட்டி 'எனது' என்பர், அது பிறிதின்கிழமை. அத்தோலைப் பதனிட்டபோது வடிந்த நீரை மட்டும் 'எனது' என்னாது, ஆற்றினது என விட்டுவிடுதல் எங்ஙனம் பொருந்தும்? தோலுக்கு எழுதிய உருபு கழிவிற்கும் எழுதப்படவேண்டும். ஆறாம் வேற்றுமை ஊதியத்திற்கு மட்டும் உரிய உருபன்று, கடமைக்கும் உரியது. கிழமை என்னும் சொல்லுக்கு உரிமை எனப் பொருள் கண்டோம். உரியவன் என்பவன் பெறுதற்கு உரியவன் மட்டுமல்லன், பொறுத்தற்கும் உரியவன். நீதிமன்றத்தார் பல பக்கங்களில் எழுதிய கொள்கையின் சாரம் இச்சொல்லின் பொருளிலேயே அடங்கிக் கிடத்தல் காண்க.

உடைமைத் தொடர்புகள் காலத்தால் மாறும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆம்பூர் முன்னர் வட ஆர்க்காட்டைச் சார்ந்தது. பின்னர் வேலூர் மாவட்டத்தினது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் திருப்பத்தூர் மாவட்டத்தினது. உருபு மாறவில்லை, உடையதே மாறியது. பாலாறோ இவ்வூர்கள் யாவற்றிற்கும் பொதுவாய், யாவர்க்கும் 'நம்' ஆறாய் நிற்கின்றது. 'எங்கள்' ஆறு என்று எவரும் பிறரை விலக்கிச் சொல்லுதற்கில்லை.

ஆங்கிலத்தில் எழுதும் நண்பர்க்கு முடிவாக மூன்று வினாக்களை வைக்கின்றேன். உடையவர் ஒருவரோ பலரோ என்பது முதல் வினா. மேற்குறி ஸகரத்தின் முன்னோ பின்னோ என்பதை அது காட்டும். எழுதும் சொல் பெயரோ பிரதிப்பெயரோ என்பது இரண்டாம் வினா. குறி வேண்டுமோ வேண்டாவோ என்பதை அது காட்டும். கூறக்கருதியது உடைமையோ, வகையோ, பெயர்த் தொடர்போ என்பது மூன்றாம் வினா. உருபு வேண்டுமோ தொகையே அமையுமோ என்பதை அது காட்டும். இம்மூன்றையும் எழுதுகோலை ஊன்றுமுன் ஒருமுறை மனத்துட் கேட்டுக்கொள்வார்க்கு இவ்விடத்துப் பிழை நேர்தல் அரிது. தமிழிற் கிழமையை நன்கு கற்றார்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. பவணந்தியார் நமக்குக் கற்பித்த வினாக்களே வேற்றுமொழி உடையுடுத்து வருகின்றன.